யாருடைய காலுக்கு அளந்த யாப்பு? – காவடிச் சிந்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருவேங்கடத்திலிருந்து தெற்கே கழுகுமலைக்குப் பங்குனி உத்திரத்தையொட்டி நடந்து போகிறவர்கள் உண்டு. கரிசல் வழி. பருத்தி எடுத்து முடிந்த காடுகள், தீப்பெட்டி ஆபீஸ்கள், மிச்ச இடமெல்லாம் சீமைக் கருவேலம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தோடு நானும் ராத்திரி நடந்தேன். நேர்த்திக்கடன் ஒன்றுமில்லை, பாட்டைக் கேட்கத்தான் போனேன். முன்னால் காவடியோடு பாடிக்கொண்டு வந்த பெரியவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகளில் பாதிக்கு மேல் அவருக்கு மனப்பாடம். எம்.ஏ. தமிழ் படித்த தைரியத்தில் கூடச் சேர்ந்து பாடப்போன நான் மூன்றாவது அடியில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். பாட்டு நிற்கவில்லை, அவர் காலும் நிற்கவில்லை. வழியில் ஒரு கடையில் எல்லோரும் உட்கார்ந்தபோது சொன்னார்: "தம்பி, நீங்க எழுத்தப் பாத்துப் பாடுதீக. கால எங்க வைக்கணும்னு பாட்டே சொல்லுதுல்லா. அதக் கேளுங்க."

பாட்டு எப்படிக் காலிடம் சொல்கிறது? இந்தக் கேள்வியை யாப்பிலக்கணத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது. யாருடைய காலிடம்?

எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்த வகுப்பில் சிந்துக்கு இடம் கிடையாது. இரண்டு வருஷம் யாப்பருங்கலக்காரிகையில் கிடந்தோம். அங்கே 'சிந்தடி' என்று வரும். மூன்று சீர் கொண்ட அடி. சிந்து என்ற பாட்டு வடிவத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டதற்கு ஒரு பேராசிரியர், "அது யாப்பு இல்லப்பா, மெட்டு" என்று முடித்துவிட்டார். உட்கார்ந்து அளப்பது இலக்கியம், நடந்து அளப்பது மெட்டு என்ற இந்தப் பிரிவினையை அவர் உண்டாக்கவில்லை. நம் இலக்கிய வரலாறுகள் சிற்றிலக்கியப் பட்டியலின் கடைசியில் 'சிந்து முதலியன' என்று எழுதும் பழக்கத்தில் இருந்து அது வந்தது. அந்த 'முதலியன'வுக்குள் எத்தனை ஜனங்களின் வாய் அடங்கிக் கிடக்கிறது என்பதை நா. வானமாமலையின் தொகுப்புகளுக்குப் பிறகாவது நாம் யோசித்திருக்க வேண்டும்.

சிந்துக்கு யாப்பு உண்டு. அதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் புதுச்சேரி இரா. திருமுருகன். அவருடைய 'சிந்து பாவியல்' சொல்லும் அடிப்படை விதி ரொம்ப எளிது. காரிகையில் குறில், நெடில், ஒற்று சேர்ந்து நேர், நிரை என்று அசை பிறக்கும். சிந்தில் ஓர் எழுத்து ஓர் அசை. குறிலானாலும் நெடிலானாலும் ஒன்றுதான். ஒற்றுக்குக் கணக்கில் இடமில்லை. மூன்றெழுத்துச் சீர் என்றால் மும்மை நடை, நாலு என்றால் நான்மை, ஐந்து, ஏழு என்று போகும். சீரில் எழுத்து குறைந்தால் பாடுகிறவன் நீட்டி நிரப்பிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. வெண்பாவில் ஓர் எழுத்து குறைந்தால் தளை தட்டும். அது பாடியவன் குற்றம். சிந்தில் எழுத்து குறைகிற இடத்தில் குரல் நீள்கிறது, கால் பதிகிறது, மூச்சு வருகிறது. இல்லாத எழுத்து உடம்புக்கு விட்டுவைத்த இடமாகிவிடுகிறது. 'நடை' என்ற ஒரே சொல்லை நடப்பதற்கும் தாளத்துக்கும் எழுதும் பாணிக்கும் தமிழ் வைத்திருப்பது சும்மா இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வெண்பா, ஆசிரியப்பா, கலித்துறை – இந்தப் பெயர்களில் மனுஷ உடம்பு இல்லை. நொண்டிச் சிந்து, வழிநடைச் சிந்து, காவடிச் சிந்து – இவற்றில் ஒரு உடம்பு ஏதோ செய்துகொண்டிருக்கிறது. நொண்டுகிறது, வழி நடக்கிறது, சுமக்கிறது. நொண்டி நாடகங்களில் திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டுப்பட்டவன் தன் கதையைத் தானே ஆடிப் பாடிச் சொல்வான். திருச்செந்தூர் நொண்டி நாடகம் இருக்கிறது, சீதக்காதி நொண்டி நாடகம் இருக்கிறது. அதிகாரம் உடம்பின்மேல் எழுதிய தண்டனையே அங்கே தாளமாகிறது. கடைசியில் பக்தியாலோ புரவலர் தயவாலோ அவனுக்குக் கால் திரும்பக் கிடைத்து மங்களம் பாடப்படும். அந்த முடிவு எனக்கு ஒருபோதும் ருசிக்கவில்லை. ஆனால் கேட்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது முடிவை அல்ல, அந்த நொண்டும் தாளத்தை.

இந்தப் பின்னணியில் அண்ணாமலை ரெட்டியாரை வைத்துப் பார்க்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் அருகே சென்னிகுளத்துக்காரர். திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடமும் உ.வே.சா.விடமும் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவர். 1891இல் இறந்தபோது வயது முப்பதைத் தாண்டவில்லை. அதற்குள் வீரைத் தலபுராணம், வீரை நவநீதகிருஷ்ணன் பிள்ளைத்தமிழ், கருவை மும்மணிக்கோவை, சங்கரன்கோவில் திரிபந்தாதி என்று மடமும் அவையும் எதிர்பார்த்த உருப்படிகளையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். இவற்றில் திரிபந்தாதிதான் நமக்கு வேண்டியது. நாலு அடியிலும் முதல் எழுத்து மட்டும் மாறி, அடுத்த எழுத்துகள் அப்படியே திரும்ப வர வேண்டும். பொருள் மட்டும் ஒவ்வொரு அடியிலும் வேறாக வேண்டும். எங்கே சொல்லைப் பிரிப்பது என்று உரைகாரர் வந்து சொன்னால்தான் விளங்கும். ஏடும் திண்ணையும் ஓய்வும் இல்லாமல் இந்த வித்தை நடக்காது. இதில் தேறிய கைதான் காவடிக்காரர்களுக்குப் பாட்டுக் கட்டியது. ஜமீன்தாரே கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தார், வழிநடைக்காக ரெட்டியார் பாடினார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற கதை.

ஆய்வாளர்கள் இதை இரண்டு விதமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நாட்டார் வடிவத்தைச் செவ்வியலாக உயர்த்தினார் என்பது ஒன்று. புலமையை மக்களிடம் இறக்கிக் கொண்டுவந்தார் என்பது மற்றது. ஏற்றுவது, இறக்குவது – இரண்டிலும் ஏணி ஒன்றுதான். பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏணியே தேவைப்படவில்லை என்று எனக்குப் படுகிறது. இரண்டு நடைகளும் ஒரே அடிக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

ரெட்டியார் தன் ஊரையும் பெயரையும் வைத்துத் தொடங்கும் முத்திரைப் பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் மூச்சு முட்டி நின்றதும் அதில்தான். அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் இரண்டு துண்டுகள் சின்னவை. ஒன்றில் ஊர், அடுத்ததில் பெயர். இரண்டும் ஒரே இயைபில் முடிகின்றன. ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு தனிச்சொல் தொங்குகிறது. தாளத்தில் அது முந்தின துண்டைச் சேர்ந்தது, பொருளிலோ அடுத்த துண்டைச் சேர்ந்தது. தூக்கிய கால் இன்னும் தரையில் படாத நிலை. பொருள் முடியாததால் பாடுகிறவன் நிற்க முடியாது. இயைபு முடிந்துவிட்டதால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். பெரியவர் சொன்ன ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது.

மூன்றாவது துண்டில் முடுகு வருகிறது. வரிசையாக நாலு சீர், ஒவ்வொன்றும் ஐந்தெழுத்து. எல்லாம் கிட்டத்தட்டக் குறில் ஓசை. நாலு சீரிலும் மூன்றாவது எழுத்தை அடுத்து ஒரு வல்லொற்று தவறாமல் வந்து முட்டுகிறது. வாய்ப்பாடு போட்டால் 'தனனத்தன தனனத்தன தனனத்தன தனனத்தன'. இது சிந்தின் கணக்கே இல்லை. சிந்துக்கு ஒற்று எங்கே வந்தாலும் ஒன்றுதான். ஒற்று எந்த இடத்தில், எந்த இனத்தில் வர வேண்டும் என்று கறாராக இருப்பது வண்ணம்; அருணகிரிநாதரின் திருப்புகழ்க் கணக்கு. ஆக ஒரே பாட்டில் முதல் இரண்டு துண்டுகள் சிந்தின் தாராள விதியில் நடக்கின்றன, மூன்றாவது வண்ணத்தின் கறார் விதியில் ஓடுகிறது. ஓடி முடித்ததும் இரண்டு சின்னச் சொற்கள், மறுபடி இயைபு, கால் தரையில். நடந்து வந்தவனை நாலு சீருக்கு மட்டும் ஓடவிட்டு மறுபடி நடக்கவிடுகிற கட்டு. புலமையைக் காட்டுகிற இடம் என்று இந்த முடுகைச் சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் பெரியவர் அந்த இடத்தில் புலமை எதையும் காட்டவில்லை. காவடியைத் தோளில் ஒரு குலுக்குக் குலுக்கி மாற்றிக்கொண்டார். சுமையைத் தோள் மாற்ற அந்த நாலு சீர் அளவு நேரம் வேண்டியிருக்கிறது!

அப்படி ஓடுகிற சீர்கள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். யாப்பை மட்டும் பேசிவிட்டுப் பொருளை விட்டுவிடுவது நம்மில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. உலகம் மெச்சும் இனிய கவியை முருகன் தன் தோள் என்னும் மலையில் அணிந்திருக்கிறான் என்பது அங்கே பொருள். தோளை மலை என்பது பழைய உருவகம். நூறு புலவர்கள் தேய்த்த நாணயம். ஆனால் காவடிப் பாட்டுக்குள் வரும்போது அது வேறாகிறது. காவடிக்கே மூலக்கதை இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் சுமந்தது. பாடுகிறவன் தோளில் இப்போது அந்த மலைகளின் பிரதிநிதியாகக் காவடி. அவன் வாயிலோ தெய்வத்தின் தோளே மலை, அந்த மலைமேல் மனுஷன் கட்டிய கவி. பக்தன் தெய்வத்துக்காகச் சுமக்கிறான். தெய்வம் பக்தனின் பாட்டைச் சுமக்கிறது. தோள் மாற்றுகிற நாலு சீருக்குள் சுமப்பவனும் மாறிவிடுகிறான். திரிபந்தாதியில் தேறிய கை தேய்ந்த உருவகத்தை வைத்து இதைச் செய்திருக்கிறது. இந்த இடத்துக்காக ரெட்டியாருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

அதே பாட்டில் அவர் தன் பெயரைச் சொல்லும்போது ஜாதிப் பட்டத்தை விட்டுவிட்டுப் பின்னால் 'தாசன்' போட்டுக்கொள்கிறார். இதை எடுத்துவைத்துக்கொண்டு 'சாதி மறுப்பு' என்று ஒரு நண்பர் கட்டுரை எழுதக் கிளம்பினார். வேண்டாம் என்று சொன்னேன். இயைபுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது, பக்திக் கவிக்கு அது வழக்கமும்கூட, புரட்சியெல்லாம் இல்லை. ஆனாலும் நடந்து போகிறவனை ஊர்தோறும் வழிமறிக்கிற கேள்விகளுக்கான பதில் போல அந்தப் பாட்டு ஆரம்பிக்கிறது என்பது உண்மை. எந்த ஊரு? யாரு? நம் கிராமங்களில் முதல் கேள்விக்குப் பதில் சொன்னதும் இரண்டாவது கேள்வி எதைக் கேட்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரையும் பேரையும் தயக்கமில்லாமல் முன்னால் வைத்துப் பாட ரெட்டியாரால் முடிந்தது. எல்லோராலும் முடிகிற காரியமில்லை அது.

காவடிச் சிந்தின் நகர்வளப் பாட்டுகளில் மாளிகைகளும் அவற்றின் மேல் பறக்கும் கொடிகளும் வருகின்றன. காப்பிய மரபின் கண் அது, எப்போதும் அண்ணாந்து பார்க்கும். கால் சிந்துக்கு, கண் காப்பியத்துக்கு. அதனால்தான் இந்தப் பிரதியில் கோபுரம் தெரிகிற அளவுக்குத் தெரு தெரிவதில்லை. (தலைவியின் ஏக்கமாக வரும் அகத்துறைப் பாட்டுகளை விரதமிருக்கிற ஆண்கள் நடுராத்திரியில் பாடிக்கொண்டு போவதைப் பற்றியும் பேச வேண்டும். அது தனிக் கட்டுரை. கூட நடந்து வருகிற பெண்களில் யாராவது எழுதினால் இன்னும் நல்லது.)

பிரதி பார்க்காத அந்தத் தெரு வரலாற்றில் இருக்கிறது. கழுகுமலைக் கோயில் எட்டயபுரம் ஜமீனின் ஆளுகையில் இருந்தது. அங்கே தேர் ஓடும் தெருக்களில் ஊர்வலம் போக நாடார்கள் உரிமை கேட்டார்கள். ஜமீன் மறுத்தது, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஒரு பகுதியினர் கத்தோலிக்கராக மாறினார்கள். 1895 பங்குனித் திருவிழாவில் கலவரம் வெடித்தது. ஜமீனின் மேலாளர் உட்படப் பலர் உயிர் போனது. ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலில் இதைப் பார்க்கலாம். நாலு வருஷம் கழித்து, 1899இல், சிவகாசி. என் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ரெட்டியார் இறந்ததற்கும் கழுகுமலைக் கலவரத்துக்கும் இடையே உள்ள தூரம் வெறும் நாலு வருஷம். பாட்டில் முருகனைக் கும்பிட நடந்துபோன அதே ஊரில், அதே பங்குனியில், தெருவில் யார் கால் வைக்கலாம் என்பதற்காக மனுஷர்கள் செத்திருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு கவிஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அவர் கண்ணெதிரே கலவரம் நடக்கவும் இல்லை. காவடி தூக்கி நடந்தவர் ஜமீன்தார் என்ற கதை உண்மையானால், அந்த ஊர்வலத்துக்கு எந்தத் தெருவும் தடையில்லை. ராஜா நடக்கும்போது தெரு யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. ஜமீன்தாருக்காகக் கட்டிய பாட்டு அவர் காலோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவும் மாட்டேன். நிற்கவில்லை. ஓர் எழுத்துக்கு ஓர் அசை, ஒற்றைக் கணக்கில் சேர்க்காத, குறைந்தால் நீட்டிக்கொள்ளலாம் என்கிற கணக்கைக் காதால் பிடித்துக்கொள்ள எந்த மடத்திலும் பாடம் கேட்க வேண்டியதில்லை. தெருவுக்குள் விடப்படாதவனும் அந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டு தன் ஊர் வரப்பில் நடக்கலாம், நடந்திருக்கிறார்கள். என் தாத்தாவுக்குக் காவடிச் சிந்து தெரியும். கோயில் நுழைவுச் சட்டங்கள் 1939லும் 1947லும் வந்தன. அதற்கு அப்புறமும் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் அவர் வெளித்தெருவிலேயே நின்று பாட்டை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று ஆச்சி சொல்வாள். "உள்ள போனா என்னய்யா, சாமிக்குக் காது கேக்காதா" என்பாராம். இது பக்தியா, கோபமா, பயமா என்று ஆச்சியிடம் கேட்டேன். "எல்லாந்தான்" என்றாள்.

கழுகுமலையில் 1895இல் கலவரம் நடந்தபோது எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியனுக்கு வயது பன்னிரண்டு. இவன்தான் பிறகு 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை'யை நொண்டிச் சிந்தில் எழுதினான். 1912இல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்துக்கு முகவுரை எழுதும்போது எளிய சொல், சுலபமாகப் பிடிபடும் சந்தம், ஜனங்களுக்குப் பிடித்த மெட்டு என்று தன் கட்சியைச் சொன்னான். அந்தக் காவியத்தில் பெரும்பகுதி நொண்டிச் சிந்து. ஒரு தேசத்தின் கால் வெட்டுப்பட்டதைச் சொல்ல, கால் வெட்டுப்பட்டவனின் தாளத்தை எடுத்திருக்கிறான்! தெரிந்து செய்தானா என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. வடிவத்துக்கு ஞாபகம் உண்டு.

சந்தைகளிலும் ரயிலடிகளிலும் விற்ற மலிவுப் பதிப்புகளுக்கும் சிந்துதான் கைகொடுத்தது. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் சிந்து. ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு எழுதியிருப்பது இந்த உலகத்தைப் பற்றித்தான். எதிர்த் திசையில், கர்நாடக சங்கீதக் கச்சேரிகளின் கடைசியில் துக்கடாவாகக் காவடிச் சிந்து பாடுகிறார்கள், பெரும்பாலும் செஞ்சுருட்டியில். நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் உட்கார்ந்து பாடுகிறார்கள். முடுகு வரும்போது சபையில் கைத்தட்டல் கேட்கும். தோள் மாற்ற அங்கே எந்தச் சுமையும் இல்லாததால் அந்த இடம் வெறும் வேகமாக மட்டும் மிஞ்சுகிறது.

நம்முடைய மேடைகளுக்கு வருகிறேன். கலை இலக்கிய இரவுகளில் சிந்து மெட்டுக்குப் புதுச் சொல் போட்டுப் பாடுவதை நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்தப் பக்கத்தில் கேட்டு வருகிறார்கள். நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிறேன். கூலி, தண்ணீர், கந்துவட்டி என்று விஷயங்கள் மாறும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை மட்டும் கவனித்தேன். நான் கேட்ட பாட்டுகளில் முடுகை வெட்டிவிடுகிறார்கள். சின்னத் துண்டு, இயைபு, மறுபடி சின்னத் துண்டு, அவ்வளவுதான். பாட்டுக் கட்டுகிற தோழர் ஒருவரிடம் கேட்டேன். "அந்த எடத்துல சொல்லு வெளங்காது தோழர், ஜனங்களுக்குக் கருத்துப் போய்ச் சேரணும்லா" என்றார். கருத்து போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெரியவருக்கு அந்த நாலு சீரும் மனப்பாடம். படிக்காத ஜனங்களுக்குக் கஷ்டமானது ஆகாது என்று முடிவுகட்டியது நாம்தான். அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. எளிமை என்று நாம் எதை வெட்டினோமோ அங்கேதான் சுமை தோள் மாறுகிறது. மெட்டை வைத்துக்கொண்டு முடுகை எறிந்தால் நடக்கிற ஆள் கடைசிவரை ஒரே தோளில் சுமக்க வேண்டியதுதான்.

தோழரோடு இது பற்றி ரொம்ப நேரம் வாதாடினேன். கடைசியில், "சரி, நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க, பாடிப் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டார். விமர்சகனுக்கு இதைவிட ஆபத்தான பதில் கிடையாது. திருவேங்கடத்திலிருந்து கழுகுமலை வரைக்கும் உள்ள ஊர்களில், பிணம் தூக்கிப் போகக் கூடப் பொதுப்பாதை கிடைக்காத தெருக்களின் பெயர்களை மட்டும் வைத்து 'தனனத்தன' வாய்ப்பாட்டுக்கு நாலு சீர் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது எழுத்துக்கு அப்புறம் வல்லொற்று வர மாட்டேன் என்கிறது. இதுவரை இரண்டு சீர்தான் ஒத்து வந்திருக்கிறது.